கரண்ட் பந்தல்

எங்கள் வீட்டில் ஒரு புடலங்கொடிக்கு எர்த் கொடுத்திருந்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அலுவலகத்தில் ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கதை விடுகிற பழக்கம் எனக்கு உண்டுதான், மறுக்கவில்லை. இந்த விவகாரம் முழுவதுமே நான் விட்ட ஒரு கதையால் வந்ததுதான். ஆனால் எர்த் கொடுத்தது உண்மை. கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் போய்விடும்படி செம்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் வயரை அதில் முடுக்கி, வயரின் மறுமுனையைப் பந்தல்காலில் கிளாம்ப் போட்டு இறுக்கியவர் என் அப்பா.

அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் கிளமெண்டியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்புவார். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. காலண்டர் மாட்டுவதற்கு ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார். ஹாலில் இருந்த மாதா படத்தை அம்மா துடைத்து மாட்டும்போதெல்லாம் ஒரு நூல் சாய்ந்துவிடும். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து அதை நேராக்கிவிட்டுப் போய் உட்காருவார். பேச்சு மட்டும் அவருக்கு வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு உன் அப்பனுக்கு என்று அவருடைய அக்கா, என் அத்தை, சொல்லிக்கொண்டே இருப்பாள். தம்பிக்கு வராத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அம்மா அப்படியில்லை. எங்கள் வீடு நாலாவது மாடியில். காரிடாரில் வரிசையாக அவளுடைய தொட்டிகள் இருந்தன: கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பாண்டான், ஒரு நோஞ்சான் மல்லிகை. அவளிடம் நின்று நாலு வார்த்தை பேசாமல் யாரும் லிப்டுக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை நான் மாச்சிக் என்று கூப்பிடுவேன். அவரும் அம்மாவும், ஒருவர் மொழியை மற்றவர் அரைகுறையாகப் பேசி, மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிளாக்குக்குப் பின்னால் சமூகத் தோட்டம் அமைத்துக் குலுக்கல் முறையில் பாத்தி கொடுத்தபோது, அம்மாவுக்கு ஒன்று விழுந்தது. கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒரு சோப்புக்கட்டிகூட அதுவரை அவளுக்கு விழுந்ததில்லை. அந்த வாரம் பூசைக்குப் போனபோது மாதாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பாத்தி கிடைத்த மறுமாதம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்து நாள் கழித்து வந்தாள். வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாப்பா வரப்போகிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் வரவில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை. அம்மா அறையை விட்டு வருவது குறைந்துபோயிற்று. ஜன்னல் திரை மூடியே கிடந்தது. தொட்டிகளுக்கு மாச்சிக் தண்ணீர் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். எங்கள் கோயில் பங்கிலிருந்து பெண்கள் வந்து ஜெபமாலை சொன்னார்கள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடி உதட்டை அசைத்தாள். மூன்று மாதம் ஆகியும் அவள் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை.

அத்தை உட்லண்ட்ஸிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். போகும்போதெல்லாம் அப்பாவுக்கு ஓர் உபதேசம் நடக்கும். "அவகிட்ட உக்காந்து பேசுடா. நீ பேசலன்னா வேற யாரு பேசுவா?" அப்பாவும் தட்டாமல் போய்க் கட்டில் ஓரத்தில் உட்காருவார். "சாப்பிட்டியா?" என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். அத்துடன் அவரிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிடும். பிறகும் எழுந்து வராமல் அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த சீன அங்கிள் வந்தார். ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், எப்போதும் ஓலைத் தொப்பியோடு இருப்பார். உங்கள் பாத்தியில் புல்தான் வளர்கிறது, காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் நிற்கிறார்கள், மாதக் கடைசிக்குள் ஏதாவது போடவில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கொடுத்துவிடு, இருக்கிற தொல்லை போதும் என்றாள் அத்தை. அப்பா முடியாது என்றார். "அவ இறங்கி வருவா. வர்றப்ப அது இருக்கணும்" என்றார். அந்த மூன்று மாதத்தில் அவர் பேசிய நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்குச் செடி தெரியாது. அவருக்குத் தெரிந்தது பைப். கரண்ட் வயரை உள்ளே விட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோவதற்கு இரும்பில் ஒரு பைப் இருக்கிறது. கண்டியூட் என்பார்கள், அப்பா வெறுமனே பைப் என்பார். பட்டறையில் வெட்டிக் கழித்துப் போட்டிருந்த துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு, அனுமதிச் சீட்டும் வாங்கி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே பெண்டரும் வந்தது. அது ஆள் உயரத்துக்கு ஒரு பிடி. அடியில் வளைந்த இரும்புத் தலை. தலைக்குள் பைப்பைக் கொடுத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு பிடியை இழுத்தால் பைப் வளையும். அவசரப்பட்டால் மடங்கிப்போகும்.

பிளாக்கின் கீழ்த்தளத்தில் சாக்பீஸால் ஒரு பெரிய அரைவட்டம் போட்டார். ஒவ்வொரு பைப்பையும் கொஞ்சம் வளைப்பது, கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் வளைப்பது என்று சாயங்காலம் வரை வேலை நடந்தது. பைப் நழுவாமல் இருக்க மறுமுனையில் என்னை உட்கார வைத்தார். அது பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டு நான் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டும் எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று, என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பா சிரித்துவைத்தார். பந்தல் என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு பந்தலை நிறுத்தினோம். அத்தை குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். "நாலு மூங்கிலை நட்டுக் கயித்தைக் கட்டினா முடிஞ்சுபோச்சு லா. இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. மூன்று வளைவுகள், அவற்றைச் சேர்த்து நீளவாக்கில் ஐந்து பைப்புகள். பைப்பும் பைப்பும் சந்திக்கிற இடத்தில் சும்மா கம்பி போட்டுக் கட்ட அவருக்குக் கை வரவில்லை. வீடுகளில் வயர் பிரிகிற இடத்தில் வைப்பார்களே, வட்டமாக மூடி போட்ட இரும்புப் பெட்டி, அதைத்தான் வைத்தார். மூடியில் இரண்டு திருகாணி. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் காற்று. முடிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி அந்தப் பக்கமாக வந்தவர், மாதா சிலை வைக்கக் கெபியா கட்டுகிறீர்கள், சாமியார் எப்போது வந்து மந்திரிக்கப் போகிறார் என்று பக்தியோடு விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த பிறகுதான் அப்பா செம்புக் கம்பியை எடுத்தார். அத்தை குடையை மடக்கிவிட்டாள். எதுக்குடா என்றாள். "இரும்பு பைப் போட்டா எர்த் போடணும்." புடலங்காய்க்கா என்றாள் அத்தை. "எதுவா இருந்தாலும்" என்றார் அப்பா. இருபது வருஷமாக ஒரு பைப்பைக்கூட எர்த் இல்லாமல் விட்டதில்லை அவர். பந்தலாயிற்றே என்பதெல்லாம் கையை நிறுத்துகிற காரணமாக அவருக்குப் படவில்லை.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியும். அம்மாவைக் கூட்டி வந்து காட்டு என்று என்னை மேலே அனுப்பினார். நான் கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்து, எப்படியோ அம்மாவை ஜன்னல் வரை நடத்தி வந்துவிட்டேன். கீழே அப்பா பந்தல் பக்கத்தில் விறைப்பாக நின்றார், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேரா இருக்கு" என்றாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் இறங்கி ஓடி, நேரா இருக்காம் என்று சொன்னேன். அப்பா ம் என்றார். பிறகு நேராக இருந்த ஒரு பைப்பை இன்னொரு தடவை நேராக்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விதையை அத்தை தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்தாள். எது சீக்கிரம் படருமோ அதைக் கொடு என்று கேட்டிருக்கிறாள், புடலையைக் கொடுத்தார்கள். எங்கள் மூவருக்கும் தோட்டம் என்றால் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பள்ளி விட்டு வந்ததும் ஊற்றுவது என் வேலை. ஆனாலும் கொடி எங்கள் அறியாமையைப் பொருட்படுத்தவில்லை. ஒன்றரை மாதத்தில் பைப்பே தெரியாமல் மூடிக்கொண்டது. வெள்ளையாக, நுனியில் நூல் பிரிந்த மாதிரி பூக்கள். அப்புறம் பிஞ்சுகள் தொங்க ஆரம்பித்தன. நான் தினமும் மேலே போய் அம்மாவிடம் எண்ணிக்கை சொல்வேன். இன்றைக்கு நாலும்மா, இன்றைக்கு ஏழும்மா. அவள் ம் என்பாள். ஆளுக்கு ஆள் ம் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் நான் ஒருத்திதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள்.

அந்த வாய்தான் வினையானது. மூன்றாம் மாடியில் அண்ணன் தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். அப்பாவின் வளைவுகளைப் பார்த்ததும் அவர்களுக்கு விளையாட்டு மைதானத்தில் தொங்கி விளையாடுகிற கம்பி ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் நான் தண்ணீர் ஊற்றப் போனபோது இரண்டும் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு கொடி அறுந்து கிடந்தது. இறங்குங்கள் என்றால் இறங்கவில்லை. அழுகை வந்தது. ஆத்திரத்தில், அந்த வட்டப் பெட்டியைக் காட்டி, அதுக்குள்ள கரண்ட் ஓடுது, எங்கப்பா எலக்ட்ரீஷியன் தெரியுமா என்றேன். பையன் சிரித்தான். நான் பச்சை மஞ்சள் வயரைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. மூடியிலிருந்த திருகாணிகளைக் காட்டினேன். இரண்டு பேரும் குதித்து ஓடியே போய்விட்டார்கள்.

ஒரு பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த நாள் வேறு பிள்ளைகள் வந்து உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றேன். காலையில் கொஞ்சமாக ஓடும், மத்தியானம் நிறைய ஓடும் என்று சேர்த்துக்கொண்டேன். காய் திருடுகிறவர்களுக்காக வைத்தது என்றேன். அந்த வாரமே, என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, ஒரு மைனா பந்தலுக்கடியில் செத்துக் கிடந்தது. எதனால் செத்ததோ பாவம். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மைனாவே சாட்சி சொல்லிவிட்டது.

பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களுக்குப் போயிற்று. எங்கள் பந்தலுக்குக் கரண்ட் பந்தல் என்று பெயர் வந்தது. பக்கத்துப் பாத்திக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மழை நாளில் அதன் அருகே போனபோது கையில் சுர்ரென்று அடித்தது என்று மாச்சிக்கே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சீன அங்கிள் தூரத்தில் நின்று பெட்டிகளையும் வயரையும் பார்த்தார். பிறகு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டார்; அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் போய் ராத்திரி வருகிற அப்பாவின் காதுக்கு இது எதுவும் எட்டவில்லை. எனக்கோ, அவ்வளவு பேரும் என் பேச்சை நம்புவது உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, காலையெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அத்தை வராத நாள். நான் பள்ளி விட்டு வந்தால் தோட்டத்தில் கூட்டம். பந்தலைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக டேப் கட்டியிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் அதிகாரி போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு தொழிலாளிகள், கையில் ரப்பர் உறை, இரும்பு வெட்டுகிற மெஷின். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையாம். அவர்களுடைய எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததும் மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிடுவார்களாம். அப்பாவுக்குப் போன் போட்டார்கள். கப்பலுக்குள் வேலை செய்கிறவர்கள் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் பொய் சொன்னேன், அதில் ஒன்றுமில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எனக்குத் தைரியம் வரவில்லை. புத்தகப் பையோடு நாலு மாடியும் படியேறி ஓடினேன். லிப்ட் ஞாபகமே வரவில்லை.

அம்மா படுத்திருந்தாள். "அம்மா, நம்ம பந்தலை வெட்டப் போறாங்கம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. போனா போகட்டும் என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அதுல கரண்ட் ஓடுதாம்மா. தொட்டா செத்துப் போயிடுவாங்களாம்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படி நேராகப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "நிஜமாவா?" என்றாள்.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டாவது வாய்ப்பு அது. பொய் என்று சொன்னால் அடி விழும் என்ற பயத்தில் தலையை ஆட்டினேன். "சத்தியமாம்மா. ஒரு மைனாகூடச் செத்துப்போச்சு."

அம்மா எழுந்தாள். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். தலையை அள்ளி முடிந்தாள். கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு லிப்டுக்கு நடந்தாள். ஐந்தாறு மாதமாக இறங்காதவள், நான் ஒரு வார்த்தை சொன்னதும் இறங்குகிறாள் என்ற பெருமையில் எனக்கு என் பொய்கூட மறந்துவிட்டது.

கூட்டம் அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த முகம், எல்லாரும் மறந்துபோயிருந்த முகம். மாச்சிக் ஓடி வந்து கையைப் பிடித்தார். அம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். அதிகாரி, அருகில் போகாதீர்கள் மேடம், ஆபத்து என்றார். அம்மா சேற்றில் செருப்பைக் கழற்றி விட்டாள். டேப்பைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்தாள்.

யா அல்லாஹ் என்று மாச்சிக் அலறினார். யாரோ ஒரு பிள்ளை வீறிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரண்ட் இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான்; இருந்தாலும் மூடிக்கொண்டேன். இத்தனை நாள் சொல்லிச் சொல்லி என்னை நானே நம்ப வைத்திருந்தேன் போலிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பைப்பை விடவில்லை. வெகுநேரம் விடவில்லை. அதிகாரியின் முகம் வெளுத்திருந்தது. கடைசியில் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை ஹஸ்பண்ட் ஒர்க். நோ லீக்" என்றாள். சீன அங்கிள்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மாச்சிக் அழுதுகொண்டே தட்டினார்.

அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அண்ணாந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பு மாதிரி சுருண்டும் வளைந்தும் புடலங்காய்கள் தொங்கின. "ஏன்டி, இதுக்கெல்லாம் யாரும் கல்லு கட்டலையா?" என்று என்னைக் கேட்டாள். புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக வளருமாம். கோணலே ஆகாத அப்பாவுக்கு அது தெரியாமல் போய்விட்டது. நூல் கொண்டா என்றாள். நான் அந்தச் சிவப்பு வெள்ளை டேப்பையே கிழித்துக் கொடுத்தேன். அவர்களுடைய எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்து, பெட்டிகளைத் திறந்து பார்த்து, உள்ளே காற்றைக் கண்டு சிரித்தபோது, அம்மா பிஞ்சு பிஞ்சாகக் கல் கட்டிக்கொண்டிருந்தாள். வயரையும் செம்புக் கம்பியையும் எடுத்துவிடுங்கள், பந்தல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

சாயங்காலம் போனில் விஷயம் கேட்டு அத்தை உட்லண்ட்ஸிலிருந்து ஓடி வந்தாள். தான் நேரில் பார்க்காததையெல்லாம் பார்த்தமாதிரி அப்பாவிடம் சொன்னாள். "கண்ணகி மாதிரி நின்னாளாம்டா! ஊரே பாக்க, என் புருசன் வேலையில கசிவு இருக்காதுன்னு சொன்னாளாம். நீ குடுத்து வச்சவன்டா." அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். அம்மா இறங்குவதற்கு முன்னால் நீ அவளிடம் என்ன சொன்னாய், அப்படியே சொல் என்றார். பொய் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பந்தலை வெட்டப் போறாங்கன்னு சொன்னேன், அம்மா எழுந்திருக்கலை என்றேன். அப்புறம்? கரண்ட் ஓடுது, தொட்டா செத்துப் போயிடுவாங்கன்னு சொன்னேன்.

"அதுக்கு அப்புறம்தான் எழுந்தாளா?"

ஆமாம் என்றேன். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. திட்டவுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி வாங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் நான் விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நான் பிறந்தபோதுகூட இரண்டு நாளுக்கு மேல் லீவு போடாதவர், இரண்டு வாரம் போட்டார். அம்மா எங்கே போனாலும் கூடவே போனார்; பந்தலுக்குப் போனால் பந்தலுக்கு, மார்க்கெட்டுக்குப் போனால் மார்க்கெட்டுக்கு. வியாழக்கிழமைதோறும் அம்மாவை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். வேலைக்குத் திரும்பிய பிறகும் வியாழக்கிழமைகளில் அரைநாள் லீவு எடுத்தார். அந்த மத்தியானங்களில் நான் மாச்சிக் வீட்டில் கறிபஃப் தின்றுகொண்டு கார்ட்டூன் பார்த்தேன். ஆபரேஷன் செய்த இடத்துக்கு மருந்து போடுகிறார்கள் என்று நினைத்தேன். காய்கள் பிறகு நேராகவே வளர்ந்தன. அம்மா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள், பூசைக்கு வந்தாள், மாச்சிக்கோடு சிரித்தாள். அப்பா மேல் இருந்த நம்பிக்கையில் கரண்டையே பிடித்த அம்மா என்று நான் பள்ளிக்கூடத்தில் கதை சொன்னேன். பல வருஷம் சொன்னேன்.

போன மாதம் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து கூட்டுக்குப் புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் எதிரே நின்று பழைய கதையை எடுத்து, பெட்டி, வயர், மைனா என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அது அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. சிரிப்போடு சிரிப்பாக, "எப்படிம்மா பிடிச்சே? அப்பா மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டேன்.

அம்மா அரிவதை நிறுத்தவில்லை. "அப்பாவை அப்ப எங்கே நினைச்சேன்? நீ சத்தியம் பண்ணினே. கரண்ட் இருக்குன்னு உன்னை நம்பித்தான் இறங்கினேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் என்னைப் பார்க்காமல், யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். "பிடிச்சேன். ஒண்ணும் ஆகலை. சரி, மேலே பாத்தா காயெல்லாம் கோணிக்கிட்டுக் கெடக்கு. ஒரு கல்லு கட்டக்கூட ஆளில்லையேன்னு இருந்துச்சு. நாமதான் கட்டணும்னு தோணுச்சு." அரிந்ததைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தேங்காய் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அப்பாவுக்கு ஒரே கேள்வியில் விளங்கியது எனக்கு விளங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தேங்காயை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். என்னடி இது என்றாள். ஒன்பது வயதில் அந்தக் கூட்டத்தில் நின்று நான் பயந்ததெல்லாம் என் பொய் வெளியே வந்துவிடுமே என்றுதான். அது உண்மையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.